இடது தோள்

ஆகஸ்ட் 7

இன்று காலை ஒரு செட்டரைப் பார்த்தேன். எங்கள் அணிக்கு எடுப்பதென்று முடிவு செய்தேன். மைதானத்தைவிட்டு வெளியே வருமுன், அங்கிருந்த எல்லோரிடமும் அவன் தேறமாட்டான் என்று சொல்லிவிட்டேன்.

பெயர் இசக்கித்துரை. கடைசி வருஷ பி.காம். கல்லூரிகளுக்கிடையே நடக்கிற போட்டி. வாலிபாலில் ஒரு பக்கத்துக்கு மூன்று தொடுகைதான். முதல் ஆள் எதிரி அடித்ததை எடுப்பான். மூன்றாவது ஆள் அடிப்பான், கைதட்டல் முழுக்க அவனுக்குப் போகும். நடுவில் தொடுகிறவன் செட்டர். யாருக்குத் தூக்கிக் கொடுப்பது, எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம், எல்லாம் அவன் முடிவு. என் கருவாட்டுக் குடோனில் நான் செய்கிற வேலையும் அதுதான். சரக்கு எப்படி வந்து விழுந்தாலும் எந்த ஊருக்கு எதை அனுப்புவது என்று அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். அதனால் அடிக்கிறவனை நான் பார்ப்பதே இல்லை.

முதல் ஆளிடமிருந்து நல்ல பாஸ் வந்தால் எந்தச் செட்டரும் ராஜாதான். கெட்ட பாஸில்தான் ஆளைப் பார்க்க வேண்டும். ஆட்டம் முடிகிற கட்டத்தில் ஒரு பந்து தண்ணீர் கேன் வைத்திருந்த பெஞ்சுப் பக்கம் தெறித்தது. ஓடினான். ஓடும்போது தலை ஆடவில்லை. கால் நின்ற பிறகே கை மேலே போனது. நெற்றிக்கு மேல் பந்தை வாங்கி, திரும்பிப் பார்க்காமல், முதுகுக்குப் பின்னால் நின்றவனுக்கு அனுப்பினான். எதிரே மூன்று பேர் வேறு பக்கம் குதித்துக்கொண்டிருந்தார்கள். மற்றப் பையன்களின் முதுகு, பந்து எங்கே போகப்போகிறது என்று முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவிடும். இவன் முதுகு பேசவில்லை.

எனக்கு ஒரு பக்கம் ஜெபக்குமார் அண்ணாச்சி. உப்பளக்காரர். கொற்கை அணியில் பாதி அவருடையது, பாதி என்னுடையது. பள்ளிக்கூடத்தில் நான் ஆடியவள் என்பதால் ஆள் பார்க்கிற வேலை என் தலையில். பந்து உருண்டை என்பதற்கு மேல் அவருக்குத் தெரியாது. இன்னொரு பக்கம் வைகை அணியின் சொந்தக்காரர் ராமசுந்தரம், கிரானைட் வியாபாரி. கூடவே அவருடைய கோச்.

"எப்படி தங்கச்சி?" என்றார் அண்ணாச்சி.

கிரானைட்காரர் காதில் விழுகிற மாதிரிச் சொன்னேன். "என்னத்த அண்ணாச்சி. நெருக்கடி வந்தா இடது தோளு இறங்குது. பாக்கலியா?"

"இறங்குதா?"

"ஒரு இஞ்சு."

அவன் இடது தோளில் ஒன்றுமில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். கரையில் நான் கருவாடு வாங்குவது இப்படித்தான். பிடித்த குவியலுக்கு முன்னால் நின்று, மணல் கிடக்கு, உப்பு ஏறலை என்று முகத்தைச் சுளித்தால் பக்கத்தில் நிற்கிற வியாபாரி நகர்ந்துவிடுவான். எல்லா வியாபாரிக்கும் இது தெரியும். தெரிந்தும் நகர்வான். கிரானைட்காரருக்கு இது தெரியவே தெரியாது. கோச்சின் காதில் ஏதோ சொன்னார். கோச் எழுதிக்கொண்டார்.

தென்கரை லீக்கின் விதி இது: ஒவ்வொரு அணியும் கல்லூரிப் பையன் ஒருவனை எடுத்தே ஆக வேண்டும். தேர்வு ஆட்டம் செப்டம்பர் நாலு. ஒரே அணி கேட்டால் லீக் வைத்த குறைந்தபட்ச விலை. இரண்டு அணி கேட்டால் எங்கே போவது என்று பையன் முடிவு செய்வான், விலையும் அவன் வாயிலிருந்து வரும். ஆகவே இரண்டாவது அணி கேட்கக்கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

ஆகஸ்ட் 8

நெத்திலி இரண்டு லோடு. ஒன்றில் ஈரம், திருப்பி அனுப்பினேன். காயவைக்கிற களத்தைப் பார்த்துக்கொள்கிற ரெஜினாவுக்கு முழங்கால் வலி. லீவு கேட்க மாட்டாள். நான் பக்கத்தில் போகும்போது மட்டும் முனகுவாள்.

ஆகஸ்ட் 11

கல்லூரிக்குப் போனேன். உடற்கல்வி இயக்குநர் அருள்வளன் சார் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"நம்ம பையன் எப்படி மேடம்? என் சர்வீஸ்ல இப்படி ஒரு கை பாத்ததில்ல."

"கை பரவால்ல சார். தோளுதான்."

"தோளா?"

"இடது. நெருக்கடில இறங்குது. லீக்ல உள்ளவன் ஒரே ஆட்டத்துல பிடிச்சிருவான்."

சாரின் முகம் தொங்கிவிட்டது. எனக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் பையன் பின்னால் பந்தோடு நின்றுகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. முன்னால் வந்து கேட்டான்.

"எப்ப இறங்குது மேடம்? பந்து வாறதுக்கு முன்னாலயா, கை மேல போனதுக்கப்புறமா?"

இப்படி யாரும் என்னிடம் திருப்பிக் கேட்டதில்லை. கருவாடு கேட்காது.

"முன்னால" என்றேன்.

"சரிங்க மேடம். பாத்துக்கிடுதேன்."

முகத்தில் வருத்தமே இல்லை. நன்றி சொல்கிறவன் மாதிரி நின்றான்.

அவன் போன பிறகு சார் சொன்னார். அம்மா மட்டும்தான். மும்பையில் மாமாவுக்கு ஸ்டேஷனரிக் கடை. லீக்கில் எடுக்காவிட்டால் பரீட்சை எழுதக்கூடக் காத்திராமல் கடையில் போய் உட்கார வேண்டும், ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. "அங்க போனா பந்து முடிஞ்சுது மேடம்" என்றார்.

நமக்கு நல்லதுதான். வேறு வழி இல்லாதவன் குறைந்த விலைக்கு வருவான்.

ஆகஸ்ட் 12

அண்ணாச்சி போனில் வந்தார். "வேற பயல பாப்பமா?"

"வேண்டாம். அவன் தங்கம். வாயத் திறக்காதீங்க."

"தோளு?"

"தோளு நல்லாருக்கு."

"பின்ன ஏன் அப்படிச் சொன்ன?"

"அண்ணாச்சி, நீங்க உப்பு விக்கிறவரு. உப்புல என்ன ஒளிக்க இருக்கு? எங்க தொழில் வேற."

சிரித்தார். புரிந்ததா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 15

கொடியேற்றம். மாதா விண்ணேற்புத் திருநாளும். பூசைக்குப் போனேன். சாமியார் பிரசங்கத்தில் எங்கெங்கோ சுற்றிப் பொய்ச்சாட்சியில் வந்து நின்றார். நாளுக்குக் கொஞ்சமும் பொருத்தமில்லை. நீளமும் அதிகம்.

ஆகஸ்ட் 20

கோவில்பட்டியில் ஆட்டம். அண்ணாச்சிக்கு வேலை, நான் மட்டும் போனேன்.

முதல் கெட்ட பாஸ் வந்தது. ஓடினான், நின்றான், கை மேலே போனது. ஆனால் இடது தோளை ஆணியில் மாட்டிய சட்டை மாதிரித் தூக்கிப் பிடித்திருந்தான். பந்து விரலில் ஒரு கணம் கூடுதலாகத் தங்கியது. தோள் இறுகியதால் இடுப்பு திரும்பியது. எதிரே வலையருகே தடுக்க நின்ற பிளாக்கர்கள் இடுப்பைப் பார்த்துவிட்டார்கள். பந்துக்கு முன்பே போய்க் கையைத் தூக்கிக் காத்திருந்தார்கள். அடித்த பந்து அடித்தவன் காலடியிலேயே விழுந்தது. மறுபடியும் அப்படியே. மறுபடியும்.

அடிக்கிற பையன் ஒருவன் கத்தினான்: "லே துரை! இவனுக்குத்தான் குடுக்கப்போறேன்னு போஸ்டர் ஒட்டிட்டால குடுக்க?"

பார்க்க வந்த கூட்டம் சிரித்தது. இசக்கித்துரை சிரிக்கவில்லை. தோளைப் பார்த்துக்கொண்டான்.

ராமசுந்தரம் என் பக்கம் வந்து உட்கார்ந்தார். "அன்னைக்கு நீங்க சொன்னப்ப என் கோச் நம்பலங்க. இப்பத்தான் பாத்தோம். உங்க கண்ணு கண்ணுதாங்க. நாங்க இவனை விட்டுட்டோம்."

நல்ல செய்தி. போட்டி ஒழிந்தது. நினைத்தது நடந்தது. எட்டயபுரம் தாண்டி வண்டியை நிறுத்தி டீ குடித்தேன். பாதியில் கீழே ஊற்றிவிட்டேன். பாலில் தண்ணீர்.

ஆகஸ்ட் 21

வரவு செலவு பார்த்தேன். விசேஷம் எதுவுமில்லை.

ஆகஸ்ட் 24

கல்லூரிப் பக்கம் ஒரு வேலையாகப் போனவள் மைதானத்தையும் எட்டிப் பார்த்தேன்.

இடது தோளில் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றை வைத்திருந்தான். அது விழாமல் பந்தைத் தூக்க வேண்டும். விழுந்தால் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். ஸ்பாஞ்சு அவன் யோசனையாம். ஓட்டம் சாருடையது.

சார் ஓடிவந்தார். "மேடம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்லன்னு தெரியல. வீடியோ எடுத்து ஸ்லோ மோஷன்ல போட்டுப் பாத்தோம். இறங்கத்தான் செய்யுது! இத்தன நாளு கூட இருக்கேன், என் கண்ணுல படல. உங்களுக்கு எப்படிப் பட்டுது?"

"அனுபவம்" என்றேன்.

வேறு என்ன சொல்ல? கையைத் தூக்கப்போகிற எவனுக்கும் தோள் முதலில் இம்மியாவது இறங்கத்தான் செய்யும். சுவரில் ஆணி அடிக்கிறவனை ஸ்லோ மோஷனில் போட்டுப் பார்த்தாலும் இறங்கும். அதைச் சொன்னால், அன்று ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்பார். காரணத்தைச் சொன்னால் நான் பையனை எடுக்க நினைப்பது தெரிந்துவிடும். தெரிந்தால் விலை ஏறும். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஸ்பாஞ்சு விழுந்தது. ஓடினான். விழுந்தது. ஓடினான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குடோனில் வேலை கிடக்கிறது என்று கிளம்பிவிட்டேன்.

குடோனில் ரெஜினா கேட்டாள்: "என்னக்கா, இன்னிக்கு வேல ஒண்ணுமில்ல, வரமாட்டேன்னுல்லா சொன்ன?"

ஆகஸ்ட் 26

கரையில் வாளைக் கருவாடு ஒரு குவியல் நன்றாக இருந்தது. குறை சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கத்தில் நின்ற வேம்பார்க்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வெயில் இந்த வருஷம் அதிகம்.

ஆகஸ்ட் 28

அண்ணாச்சியின் ஆபீஸில் கூட்டம். அவர், நான், மின்விசிறி.

"தங்கச்சி, அந்தப் பய வேண்டாம். நானும் விசாரிச்சேன். தோளு இறங்குதாம். வைகைக்காரன் விட்டுட்டான், திருநெல்வேலிக்காரன் விட்டுட்டான். ஊரே சொல்லுது."

"ஊருக்குச் சொன்னதே நான்தான் அண்ணாச்சி."

"அதான் சொல்லுதேன். ஒன் கண்ணு தப்பாது."

"அது சும்மா சொன்னது."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எது சும்மா? அப்ப சொன்னதா, இப்ப சொல்லுததா?"

"அப்ப சொன்னது."

"இப்ப சொல்லுதது சும்மா இல்லன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்க? நீ வாங்க நெனைக்கிறத நல்லாருக்குன்னு என்னைக்குச் சொல்லிருக்க? இன்னிக்குச் சொல்லுதன்னா, அத என் தலையில கட்டப் பாக்க."

இத்தனை வருஷப் பழக்கத்தில் மனிதர் எனக்கு எதிராகப் பேசிய முதல் நியாயமான வார்த்தை. கடைசியில் செப்டம்பர் நாலாம் தேதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று ஒத்துக்கொண்டார். அதற்கே இரண்டு காபி ஆனது.

ஆகஸ்ட் 29

பையனையே பார்த்து நேராகச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று போனேன். ஸ்பாஞ்சு இப்போது விழுவதில்லை. பந்துதான் சரியாகப் போவதில்லை.

"தம்பி, ஒன் தோள்ல ஒரு குறையும் கெடயாது. பழயபடி ஆடு."

நின்று கேட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "ஆறுதலுக்குச் சொல்லுதீங்க மேடம். பரவால்ல."

"ஆறுதலா? எனக்கு அதெல்லாம் வராது."

"எங்க அம்மா நல்லா ஆடுத மக்கான்னு சொல்லும். சாரும் அதத்தான் சொல்லுவாரு. எல்லாரும் நல்லாருக்குன்னே சொல்லிச் சொல்லி நான் இந்தத் தப்போடயே வளந்துட்டேன். நீங்க ஒருத்தர்தான் உள்ளதச் சொன்னீங்க. மறக்க மாட்டேன் மேடம்."

"அட, நான் சொன்னது பொய்ப்பா!"

"வீடியோவுல தெரியுதே மேடம்."

வீடியோவை எடுத்து எனக்கே காட்டினான். தோள் இறங்குகிற இடத்தில் நிறுத்தி, சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மீன்குழம்பு வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30

ரெஜினாவிடம் விஷயத்தைச் சொன்னேன், வேறொருத்திக்கு நடந்த மாதிரி. வேறொருத்தி இல்லை என்று இரண்டாவது வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"எக்கா, நீ நல்லாருக்குன்னு சொன்னா யாரு நம்புவா? எனக்கே நீ ஒரு தடவதான் சொல்லிருக்க, ரெஜினா வேல நல்லாருக்குன்னு. அன்னிக்கு வேலைய விட்டுத் தூக்கப்போறியோன்னு அழுதேன்."

"அதுக்கு இப்ப என்ன செய்ய?"

"என்னத்த செய்ய. திட்டு. ஒன் வாயிலருந்து திட்டு வந்தாத்தான் அது உண்மைன்னு இருக்கும்."

முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போய் வா என்று சொல்லிப் பணம் கொடுத்தேன். சந்தேகமாகப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 31

போனேன். திட்டினேன்.

"தோளு சரியாயிட்டு. இப்ப வேற வியாதி வந்திருக்கு ஒனக்கு."

பையன் முகம் மலர்ந்துவிட்டது. "என்ன மேடம்?"

"நீ ஊமையா ஆடுத. பந்து கையில படும்போது மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்க, செத்தவன் மாதிரி. நெருக்கடில அது எடுபடாது. பந்து விரல்ல படும்போது யாராவது ஒருத்தன் பேரச் சொல்லிக் கத்தணும். தொண்டையில இல்ல, அடிவயித்துலருந்து."

இதுவும் வாயில் வந்ததுதான். ஆனால் வரும் வழியிலேயே கொஞ்சம் யோசித்திருந்தேன். அடிவயிற்றிலிருந்து கத்துகிறவனால் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. நானே காரில் கத்திப் பார்த்தேன். டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டான்.

"பேரச் சொன்னா யாருக்குக் குடுக்கேன்னு எதிர்ல உள்ளவனுக்குத் தெரிஞ்சிராதா மேடம்?"

அதை நான் யோசிக்கவில்லை.

"அது ஒன் சாமர்த்தியம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 2

வஞ்சிரம் வரத்து குறைவு. மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று ஓயவில்லை. கோயிலுக்கு ஒரு மெழுகுவர்த்தி, பொதுவாக.

செப்டம்பர் 4

திருநெல்வேலியில் உள்ளரங்கம். கல்லூரிப் பையன்கள் ஒரு பக்கம். எதிரே போன வருஷம் லீக்கில் ஆடிய பெரியவர்கள், பையன்களை நசுக்கிப் பார்ப்பதற்கென்றே நிறுத்தப்பட்டவர்கள். எட்டு அணிக்காரர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கிரானைட்காரர் எனக்குப் பக்கத்து நாற்காலி.

முதல் பந்துகளில் இசக்கித்துரையின் கத்தல் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. தோள் மேலேயே நின்றது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பிறகு ஒரு சர்வீஸ் இடி மாதிரி வந்தது. எடுத்தவன் கையில் பட்டுப் பந்து கோட்டுக்கு வெளியே போனது. இசக்கித்துரை ஓடினான். கால் நின்றது. கை போனது. "செல்வின்!" என்று அரங்கமே அதிரும்படி கத்தினான். இடது புறம் செல்வின் என்கிற நெட்டைப் பையன் குதித்தான். எதிரே மூன்று பிளாக்கர்களும் அவனை நோக்கிப் பாய்ந்தார்கள். பந்து வலது புறம் போனது. அங்கே நாசர் என்கிற பையன் ஆளில்லாத இடத்தில் அடித்தான்.

அரங்கம் முழுக்க விசில்.

அடுத்ததும் "செல்வின்!" பிளாக்கர்கள் இந்த முறை நாசரிடம் ஓடினார்கள். பந்து செல்வினுக்கே போனது.

எதிரணியில் நின்ற வயதான பிளாக்கர் வலை வழியாகக் கேட்டார்: "லே, யாருக்குத்தாம்ல குடுக்க?"

"உங்களுக்குத் தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்கண்ணே."

எப்போதும் பொய் சொல்கிறவனை எதிராளி தலைகீழாகப் படித்துக்கொள்வான். எப்போது உண்மையைச் சொல்வது என்று தெரிந்தவனைத்தான் படிக்க முடியாது. கரையில் நரைத்தவர்களுக்கே இது லேசில் வராது. இவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கத்தச் சொன்னேன், அவ்வளவுதான். தோள் தன் பாட்டுக்கு இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. அவன் அதை மறந்துவிட்டான். முதுகு மறுபடியும் ஊமையாகிவிட்டது, வாய் மட்டும் பேசியது.

ராமசுந்தரம் என் பக்கம் சாய்ந்தார். "நல்லாத்தான் ஆடுறான். ஆனா அந்தத் தோள் விஷயம் இருக்கே. அது எப்படி இருக்கு மேடம் இப்ப? நீங்க சொன்னா சரி."

ஒரே வார்த்தை போதும். 'இன்னும் இருக்கு' என்றால் அவர் எழுந்து டீ குடிக்கப் போயிருப்பார், பையன் குறைந்தபட்ச விலைக்கு என் கையில் விழுந்திருப்பான். அண்ணாச்சி அந்தப் பக்கமிருந்து கண்ணைக் காட்டினார்.

"தோள்ல ஒண்ணுமில்ல. அன்னைக்கும் இல்ல" என்றேன்.

ராமசுந்தரம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு கோச்சைக் கூப்பிட்டு, பையனைத் தங்கள் அணிக்குக் கேட்டு லீக்குக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் அண்ணாச்சி வெடித்தார். "தங்கச்சி, ஒனக்குக் கிறுக்கா? இப்பத்தான் எனக்கே அந்தப் பய வேணும்னு தோணுச்சு!"

காலையில் சுகர் மாத்திரை போட மறந்துவிட்டேன். அதனால்தான் வாய் வழுக்கிவிட்டது. அண்ணாச்சியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

செப்டம்பர் 6

இசக்கித்துரை குடோனுக்கு வந்தான். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தவில்லை. ரெஜினா நாற்காலி போட்டாள். உட்காரவில்லை.

"வைகை அணியில கேட்டுருக்காங்க மேடம். நீங்களும் கேட்டுருக்கீங்க."

"கேட்டோம். பாத்தா ஒன் பந்துல வேகம் பத்தல, உயரமும்..."

"மேடம்." கையை உயர்த்தி நிறுத்தினான். "எதிர்ல நிக்கிறவங்களப் பாக்குததுதான் எனக்கு வேலையே. யாரு எந்தப் பக்கம் பாயப்போறாங்கன்னு உடம்பு முன்னாலயே சொல்லிரும். ஒண்ணு சொல்லட்டா? தப்பா எடுத்துக்கிடக் கூடாது."

"சொல்லு."

"பொய் சொல்லும்போது உங்க இடது தோளு இறங்குது. ஒரு இஞ்சு. இப்பக்கூட."

ரெஜினா கூடையைக் கீழே போட்டுவிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

"அன்னைக்கு பி.டி. சார் ரூம்லயும் இறங்குச்சு" என்றான் பையன். "எனக்குப் புரியல அப்ப. ஊமையா ஆடுதன்னு திட்டுனப்பவும் இறங்குச்சு. அப்பதான் சந்தேகம். வீட்டுல போயி மத்தப் பசங்க வீடியோ எல்லாத்தையும் போட்டுப் பாத்தேன். எல்லாவனுக்கும் தோளு இறங்கத்தான் செய்யுது."

"பின்ன ஏன் கத்துன?"

"கத்துனா நல்லாருந்துச்சு."

களத்தில் காக்காய் விரட்டுகிற சத்தம் கேட்டது.

"வைகைக்காரங்க கூடுதலாத் தாரேன்னு சொல்லுதாங்க" என்றான்.

"நல்லாத்தான இருக்கு. அங்க போ."

"தோளு இப்ப இறங்கல" என்று சிரித்தான். முதல் தடவையாக அவன் சிரித்துப் பார்க்கிறேன். "அங்க கோச் இன்னும் தோளு தோளுங்காரு. லீக் பூராவும் அந்தப் பேச்சு இருக்கு. அது பொய்யின்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான். அதனால இங்கதான் வாறேன். ஆனா அவங்க சொன்ன தொக நீங்க குடுக்கணும். இன்னும் சிலது இருக்கு, எழுதிக் கொண்டாந்திருக்கேன்."

அவன் போகும்போது, "தம்பி, அந்தத் தோளு விஷயத்துல..." என்று தொடங்கினேன்.

திரும்பி நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தான். "வேண்டாம் மேடம். ஒப்பந்தம் போட்டுக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

செப்டம்பர் 7

காலையில் கண்ணாடி முன்னால் நின்று, 'நெத்திலி இன்னிக்குத்தான் வந்துச்சு' என்று சொல்லிப் பார்த்தேன்.

இறங்குகிறது.

இத்தனை வருஷமாகக் கரையில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. வேம்பார்க்காரரிடம் கேட்கலாம். கேட்கப்போவதில்லை.

செப்டம்பர் 8

அண்ணாச்சி ஆபீஸில் ஒப்பந்தம் முடிந்தது. பையன், அவன் அம்மா, அருள்வளன் சார், நாங்கள் இருவர். அண்ணாச்சி என்னோடு பேசவில்லை, ஆனால் எல்லோருக்கும் அல்வா வரவழைத்திருந்தார். அந்த அம்மா மும்பை டிக்கெட்டைக் கிழித்துப் போடாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இரண்டு சீசன். சீசனுக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம், அதாவது லீக் வைத்த குறைந்தபட்ச விலையைப்போல மூன்று மடங்கு. மூன்றில் ஒரு பங்கு முன்பணமாக இன்றே அம்மாவின் கணக்கில். காயம் பட்டால் வைத்தியச் செலவு அணியுடையது. பி.காம். பரீட்சை நாட்களில் பயிற்சி கிடையாது.

கடைசிப் பத்தியை அவனே எழுதிக்கொண்டு வந்திருந்தான். ஆட்டத்தின்போதும் பயிற்சியின்போதும் உரிமையாளர் திருமதி சலேத்மேரி, அதாவது நான், அவன் ஆட்டத்தைப் பற்றி நல்லதோ கெட்டதோ வாய் திறக்கக்கூடாது. திறந்தால் வார்த்தைக்கு ஆயிரம் ரூபாய், அவன் கையில் ரொக்கமாக.

ஐநூறு என்று கேட்டுப் பார்த்தேன். ஆயிரத்துக்கு முடிந்தது.